மேனேஜர் சொல்வது சாக்கா, நிஜமா? ஒரு நான்-லீக் அணியின் ஏழு ஆட்டங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். லண்டனுக்குத் தெற்கே குடிவந்த பிறகு, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இஸ்த்மியன் லீக் பிரீமியர் டிவிஷன் கால்பந்து அணியின் ஆட்டங்களுக்குப் போக ஆரம்பித்திருக்கிறீர்கள். கடைசி ஏழு ஆட்டத்தில் ஒரு வெற்றி, இரண்டு டிரா, நான்கு தோல்வி. ஒவ்வொரு ஹோம் மேட்ச் புரோகிராமிலும் (மைதானத்தில் விற்கும் சிறு கையேடு) மேனேஜர் ஒரே பல்லவியைப் பாடுகிறார்: "நன்றாகத்தான் ஆடினோம், வெற்றி நூலிழையில் நழுவிப்போனது, ஆள் இல்லை, காயம்பட்டவர்கள் திரும்பட்டும், பாருங்கள்." இது உண்மையா, வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லும் சாக்கா, வேலிக்கு வெளியே நிற்கிற நாம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

பாதி உண்மை. ஆனால் எந்தப் பாதி என்பது அவர் எழுதியதில் இருக்காது, எழுதாமல் விட்டதில் இருக்கும். இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இதே மட்டத்தில் இருந்த ஒரு கிளப்புக்கு ஏழு சீசன் புரோகிராம் தயாரித்துக் கொடுத்தவன் நான். சம்பளம் கிடையாது, ஹோம் மேட்சுக்கு இலவச நுழைவு, இடைவேளையில் ஒரு கப் டீ. மேனேஜரின் குறிப்பு என்று முதல் பக்கத்தில் வருகிறதே, அதை அவர் எழுதமாட்டார். வியாழன் இரவு பயிற்சி முடிந்து வண்டி ஓட்டிக்கொண்டே போனில் சொல்வார், நான் தட்டச்சு செய்வேன். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு வாக்கியம் உண்டு: "இது வேண்டாம், எடுத்துவிடு." ஏழு வருடத்தில் அச்சானதை விட, எடுத்துவிட்டதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

அந்தக் குறிப்பு யாருக்காக எழுதப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கம்பியில் சாய்ந்து நிற்கிற உங்களுக்கும் எனக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் மனதில் இருப்பது டிரெஸ்ஸிங் ரூமில் இருக்கும் இருபது பேர், அடுத்து பட்ஜெட்டைக் கையில் வைத்திருக்கும் சேர்மன், கடைசியில்தான் நாம். பிரீமியர் லீக் மேனேஜர் பத்திரிகையாளர்களிடம் பேசுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஒரு வீரரைக் கடிந்துகொண்டால் அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவார், வருடக்கணக்கில் ஒப்பந்தம் இருக்கிறது. இங்கே அடுத்த வாரம் வேறு ஜெர்சியில் நிற்பார்.

இங்கிலாந்துக் கால்பந்தின் மேல் நான்கு டிவிஷன்களுக்குக் கீழே இருப்பதெல்லாம் நான்-லீக். அதன் முதல் படி நேஷனல் லீக், இரண்டாவது நேஷனல் லீக் நார்த்தும் சவுத்தும், உங்கள் இஸ்த்மியன் பிரீமியர் மூன்றாவது படியில் இருக்கும் நான்கு டிவிஷன்களில் ஒன்று. 22 அணி, 42 ஆட்டம். சாம்பியன் நேராக மேலே போவார்கள், அடுத்த நான்கு அணிகள் பிளே-ஆஃபில் மோதி ஒன்று போகும், கடைசி நான்கு கீழே. இந்த மட்டத்தில் பல வீரர்களுக்கு ஒப்பந்தம் கிடையாது. வாரச் சம்பளம், பெட்ரோல் காசு, அவ்வளவுதான். ஒப்பந்தம் இல்லாத வீரரை வேறொரு கிளப் கேட்க வேண்டுமானால் ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். "செவன் டே வந்திருக்கு" என்று கிளப் செயலாளர் சொல்லும்போது மேனேஜர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

இதனால் ஒரு விசித்திரமான பழக்கம் உருவாகிறது. எங்கள் அணியில் இருபது வயது இடது விங்கர் ஒருவன் இருந்தான், மூன்று ஆட்டத்தில் நான்கு கோல். அந்த வாரக் குறிப்பில் அவனைப் பற்றி ஒரு பத்தி வரும் என்று தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன். மேனேஜர் ஒரு வரி சொல்லவில்லை. நானாக ஒரு பத்தி சேர்த்து வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் வைப்பர் சத்தம் மட்டும் கேட்டது. "அவனுக்கு நாமே விளம்பரம் கொடுக்கணுமா? எடுத்துவிடு." அதே குறிப்பில் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரை, "உழைப்புக்கு எடுத்துக்காட்டு, டிரெஸ்ஸிங் ரூமின் தூண்" என்று வானளாவப் புகழ்ந்திருந்தார். சனிக்கிழமை அந்தத் தூண் பெஞ்சில். பிறகுதான் புரிந்தது, கிளம்பிவிடுவானோ என்று பயப்படுகிறவனைப் பற்றி வாய் திறக்கமாட்டார். உட்காரவைக்கப் போகிறவரை முன்கூட்டியே தட்டிக்கொடுப்பார். இதை விதி என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மேனேஜரின் கடைசி நான்கு குறிப்புகளையும் எடுத்துவைத்து, நன்றாக ஆடியும் பெயர் வராத ஆள் யார் என்று பாருங்கள். அணியின் நல்ல சரக்கு அங்கேதான் இருக்கும்.

பயம் வீண் பயம் அல்ல. தெற்கு லண்டனின் டூட்டிங்கில் முருங்கைக்காய் வாங்கப் போகிற நம்மாட்கள் எத்தனை பேருக்குத் தெரியுமோ, பின்னாளில் பிரீமியர் லீக்கில் வெஸ்ட் ஹாமுக்கு ஆடிய மிக்கைல் அந்தோனியோ தொடங்கியது டூட்டிங் அண்ட் மிட்சம் யுனைடெட்டில்தான். 2008-ல் ரெடிங் கூட்டிக்கொண்டு போனது. (பெயரில் டூட்டிங் இருந்தாலும் மைதானம் மார்டனில் இருக்கிறது, அது தனிக் கதை.) பின்னாளில் லெஸ்டரோடு பிரீமியர் லீக் பட்டம் வென்ற ஜேமி வார்டி, ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடியவர், பகலில் தொழிற்சாலை வேலை. 2012-ல் ஃப்ளீட்வுட்டிலிருந்து லெஸ்டர் 10 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. எல்லா மேனேஜருக்கும் இந்தக் கதைகள் மனப்பாடம். தன் பையனும் ஒரு நாள் போவான் என்பதும் தெரியும். ஏப்ரல் வரையாவது இருக்கட்டுமே என்பதுதான் பிரார்த்தனை.

இனி உங்கள் ஏழு ஆட்டங்களுக்கு வருவோம். முடிவுகள் மட்டும் அனுப்பாமல் டீம் ஷீட்டுகளையும் (ஆடியவர்கள் பட்டியல்) அனுப்பியதற்கு நன்றி, அது இல்லாவிட்டால் நானும் ஜோசியம்தான் சொல்லியிருப்பேன். 0-1, 1-2, 1-1, 2-3, பிறகு 3-1 வெற்றி, 2-2, கடைசியாக 0-1. அடித்தது ஒன்பது, வாங்கியது பதினொன்று. நான்கு தோல்வியும் ஒரு கோல் வித்தியாசம். மேனேஜர் சொல்கிற "நூலிழை" வரை கணக்கு சரிதான்.

ஆனால் அந்த நூல் எங்கே அறுகிறது? வாங்கிய பதினொன்றில் ஆறு, 75-வது நிமிடத்துக்குப் பிறகு. கார்னரிலும் ஃப்ரீகிக்கிலும் ஐந்து. ஏழு ஆட்டத்தில் ஐந்து வெவ்வேறு சென்டர்-பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்பவர்கள்) ஜோடிகள். "நன்றாக ஆடினோம், அதிர்ஷ்டம் இல்லை" என்பதற்கும் இந்த மூன்று எண்களுக்கும் ஒட்டவில்லை. அதிர்ஷ்டக் குறைவாக இருந்தால் கோல்கள் எல்லா நேரத்திலும் சிதறி விழும். இங்கே ஒரே இடத்தில் ஓட்டை.

கடைசிக் கால் மணி நேரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பகுதிநேர வீரர்கள் என்ற சொல்லை நாம் வாய்ப்பாடாகச் சொல்லிவிடுகிறோம். அது காலில் எப்படித் தெரியும் என்பதற்கு 2025 ஜனவரியில் டாம்வொர்த் என்ற நான்-லீக் அணியின் மைதானத்தில் நடந்தது நல்ல உதாரணம். பெரிய அணியும் சின்ன அணியும் மோதிக்கொள்ளும் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று, எதிரே பிரீமியர் லீக்கின் டாட்டன்ஹாம். வேலைக்குப் போய்க்கொண்டே ஆடும் அந்த அணி 90 நிமிடம் கோல் விடாமல் நின்றது. 0-0. கூடுதல் நேரத்துக்கு டாட்டன்ஹாம் பெஞ்சிலிருந்து சோன் ஹியுங்-மின்னையும் குலுசெவ்ஸ்கியையும் இறக்கியது. 3-0 என்று முடிந்தது. திடீரென்று டாம்வொர்த்துக்கு ஆட்டம் மறந்துபோகவில்லை. ஒரு பக்கம் கால் தீர்ந்தது, இன்னொரு பக்கம் புதுக் கால் வந்தது. உங்கள் அணிக்கு அதே கதை சின்ன அளவில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நடக்கிறது. நீங்கள் அனுப்பிய ஷீட்டுகளில் இரண்டு வெளியூர் ஆட்டங்களில் பெஞ்சில் மூன்று பேர்தான், அதில் ஒருவர் கோல்கீப்பர் கோச்.

செவ்வாய் வெளியூர் ஆட்டம் என்பது என்ன என்று உள்ளே இருந்து பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இரவு 7.45-க்கு ஆட்டம். மாலை நான்கு மணிக்கு வேலையிலிருந்து தப்பிக்க முடிந்தவர்கள் பஸ்ஸில். மற்றவர்கள் தங்கள் காரில் நேராக. லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 சாலையில் ஒரு விபத்து என்றால் முடிந்தது. ஒரு மழை இரவில் எங்கள் மேனேஜர் டீம் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. ஷீட் கொடுக்க வேண்டிய நேரம் நெருங்குகிறது, இரண்டு டிஃபெண்டர்கள் இன்னும் நெரிசலில். ஒருவரின் வண்டி விளக்கு தெரிந்ததும் பேனாவால் பெயரை எழுதினார். அவர் காரிலேயே ஷின்-பேட் கட்டிக்கொண்டு இறங்கினார். வார்ம்-அப் இல்லை. பன்னிரண்டாவது நிமிடம் பின்தொடை பிடித்துக்கொண்டது. வெளியே வந்தவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரக் குறிப்பில் நான் தட்டச்சு செய்தது: "காயங்கள் நம்மை விடாமல் துரத்துகின்றன." பொய் இல்லை. உடன் இருந்த காரணத்தைத்தான் எடுத்துவிட்டோம். அந்தப் பையனை வேலையிலிருந்து சீக்கிரம் விடாத முதலாளி எங்கள் புரோகிராமுக்கு விளம்பரம் கொடுப்பவர்.

கார்னர் கோல்கள் விஷயத்தில் மேனேஜரைக் கொஞ்சம் காப்பாற்றுவேன், கொஞ்சம் குற்றம் சொல்வேன். இந்த மட்டத்தில் செவ்வாயும் வியாழனும்தான் பயிற்சி. செவ்வாயில் ஆட்டம் வந்துவிட்டால் வியாழன் ஒன்றுதான் மிச்சம், அதிலும் பாதிப் பேர் முந்தாநாள் அடிபட்ட காலோடு நிற்பார்கள். மழையில் மைதானம் ஊறி ஆட்டம் தள்ளிப்போனால் அது பின்னால் வேறொரு செவ்வாயை விழுங்கும். களிமண் நிலத்து மைதானங்களில் சனிக்கிழமை காலை தோட்ட முள்கரண்டியோடு தன்னார்வலர்கள் குத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்து மணிக்கு நடுவர் வந்து பந்தைத் தரையில் போட்டுப் பார்ப்பார், எழும்பாமல் சொத்தென்று நின்றால் வீட்டுக்குப் போகலாம். இதற்காகவே சில கிளப்புகள் செயற்கைப் புல்லுக்கு மாறின. சட்டன் யுனைடெட் மாறியது, 2021-ல் மேல் நான்கு டிவிஷன்களில் கடைசியான லீக் டூவுக்கு ஏறியபோது அங்கே செயற்கைப் புல்லுக்கு அனுமதியில்லை என்பதால் தோண்டி எடுக்க வேண்டிவந்தது. அது கிடக்கட்டும். ஆக, கார்னருக்கு யார் யாரைப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்க நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஜோடியை இத்தனை முறை மாற்றியது காயத்தால் மட்டுமல்ல. உங்கள் பட்டியலில் இரண்டாவதும் மூன்றாவதும் ஆட்டத்துக்கு நடுவில், உடம்பு சரியாக இருந்த ஒருவரை உட்காரவைத்து வேறொரு கிளப்பிலிருந்து ஒரு மாத லோனில் (கடனாக) வந்த பத்தொன்பது வயதுப் பையனை இறக்கியிருக்கிறார். பையன் நன்றாகவே ஆடியிருக்கலாம். தாய்க் கிளப் திரும்ப அழைத்துக்கொண்டதும் மறுபடி முதலிலிருந்து. லோன் பையன்கள் விங்கில் இருந்தால் பரவாயில்லை, பின்வரிசையின் நடுவில் வைத்தால் வாடகை வீட்டுக்குச் சுவரிடித்துக் கட்டுவது போலத்தான். என் கருத்து இது. மேனேஜர்கள் சண்டைக்கு வருவார்கள்.

"நன்றாக ஆடினோம்" என்ற பகுதிக்கு வருகிறேன். நன்றாக ஆடுவதும் ஜெயிப்பதும் தனித்தனி என்பதை நான்-லீக் அளவுக்கு அப்பட்டமாகக் காட்டும் இடம் வேறில்லை. 2024 ஜனவரி 27, எஃப்.ஏ. கோப்பை நான்காம் சுற்று. மேலிருந்து ஆறாம் மட்டத்தில், அதாவது நான்-லீக்கின் இரண்டாவது படியில் இருந்த மெய்ட்ஸ்டோன் யுனைடெட், அந்த வருடம் பிரீமியர் லீக்குக்கே ஏறிய இப்ஸ்விச்சை அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று தோற்கடித்தது. இப்ஸ்விச் அடித்த ஷாட்டுகள் 38. மெய்ட்ஸ்டோன் அடித்தது இரண்டு, இரண்டும் கோல். அன்று மாலை இப்ஸ்விச் மேனேஜர் "நன்றாக ஆடினோம்" என்று சொல்லியிருந்தால் யாரால் மறுக்க முடியும்? அதே மெய்ட்ஸ்டோன், ஜார்ஜ் எலொகோபியின் அணி, அடுத்த சுற்றில் கவென்ட்ரியிடம் 5-0 வாங்கியது. லீக்கிலும் அந்த சீசனில் மேலே ஏறவில்லை. நேஷனல் லீக் சவுத்திலிருந்து ஏறியவை யோவிலும் பிரெய்ன்ட்ரீயும். நாடே கொண்டாடிய ஒரு சனிக்கிழமையை வைத்து அணியின் ஃபார்மைச் சொல்லியிருந்தால் ஏமாந்திருப்போம்.

ஆகவே "நன்றாக ஆடினோம்" என்பதை முழு 90 நிமிடத்துக்கு ஒரு சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். உங்கள் மேனேஜர் ஒரு குறிப்பில் "எழுபது நிமிடம் ஆட்டம் எங்கள் கையில்" என்று எழுதியிருக்கிறார் பாருங்கள், அந்த வரி உண்மையைச் சொல்லிவிட்டது. எழுபது நிமிடத்துக்குத்தான் அவரிடம் ஆள் இருக்கிறது. அது சேர்மனுக்கு எழுதிய கடிதம். "இன்னும் இரண்டு பேருக்குக் காசு கொடுங்கள்" என்று புரோகிராமில் எழுத முடியாது அல்லவா.

நேர்மையாக எழுதியவர்களும் உண்டு. 1989 ஜனவரியில், இரண்டு வருடம் முன்பு எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்த கவென்ட்ரியை 2-1 என்று வீழ்த்திய சட்டன் யுனைடெட்டின் மேனேஜர் பாரி வில்லியம்ஸ், ஆங்கில ஆசிரியராக இருந்தவர். புரோகிராம் குறிப்பில் கவிதை வரிகளை மேற்கோள் காட்டுகிற ஆள். அடுத்த சுற்றில் நாரிச் அவர்களை 8-0 என்று பந்தாடியது. எட்டு வாங்கிய பிறகு நூலிழை என்று யாரும் எழுத முடியாது. அந்த வகையில் பெரிய தோல்வி மேனேஜருக்கு ஒரு விடுதலை. ஒரு கோலில் தோற்றுக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்: தராத பெனால்ட்டி, கம்பத்தில் பட்ட ஷாட், காற்று.

எப்போது நான் உண்மையிலேயே கவலைப்படுவேன் என்றும் கேட்டிருந்தீர்கள். தொடர்ந்து மூன்று குறிப்பில் நடுவரைப் பற்றிப் பேசினால். வீரர்கள் பெயர் முழுக்க மறைந்துபோய் "பையன்கள்" என்று மட்டும் வந்தால். "நிர்வாகம் எனக்கு முழு ஆதரவு தருகிறது" என்ற வரியை யாரும் கேட்காமலே எழுதினால்; எங்கள் கிளப்பில் அந்த வரியை நான் தட்டச்சு செய்த பதினோராவது நாள் வேறொருவருக்காக முதல் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். மஞ்சள் அட்டைகளையும் கவனியுங்கள். ஐந்து சேர்ந்தால் ஒரு ஆட்டம் தடை. தோற்கிற அணியில் நடுவரிடம் வாய் கொடுத்து வாங்குகிற அட்டைகள் கூடும், ஆள் இன்னும் குறையும், இன்னும் தோற்கும். உங்கள் ஷீட்டுகளில் அந்த வியாதி தெரியவில்லை. அது நல்ல செய்தி.

இன்னொரு நல்ல செய்தி, அந்த ஐந்தாவது ஆட்டம். 3-1. அன்று மட்டும் என்ன வித்தியாசம் என்று தேடினேன். ஃபார்மேஷன் அதே, ஸ்ட்ரைக்கர் அதே, எதிரணியும் அட்டவணையில் நடுவில் இருப்பவர்கள். ஒன்பது வாரம் கழித்து கேப்டன், ஐந்தாம் எண், திரும்பியிருக்கிறார். அடுத்த 2-2 ஆட்டத்தில் நீங்களே ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள்: 2-0 முன்னிலையில் இருக்கும்போது, 63-வது நிமிடம் அவர் நொண்டிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகுதான் இரண்டு கோலும். கடைசி 0-1 ஆட்டத்தில் அவர் இல்லை. இதை மேனேஜர் எங்காவது சொன்னாரா? இல்லை. "காயம்பட்டவர்கள்" என்று பன்மையில் கடந்துபோகிறார். ஒரே ஆளை நம்பி நிற்கிறோம் என்று எழுதினால் மீதி மூன்று சென்டர்-பேக்கும் என்ன நினைப்பார்கள்? மேலே இருக்கிற ஏதாவது ஒரு கிளப்பின் செயலாளர் படித்தால் என்ன செய்வார்? அவர் வாயை மூடிக்கொண்டிருப்பது சரிதான். நானாக இருந்தாலும் எடுத்துவிடச் சொல்லியிருப்பேன்.

எனவே என் கணிப்பு: மேனேஜர் கெட்டிக்காரர்தான், லோன் விஷயத்தில் ஒரு தப்பு செய்தார், காயத்தைப் பற்றிச் சொல்வது உண்மை, அதிர்ஷ்டத்தைப் பற்றிச் சொல்வது அரை உண்மை. இறங்குகிற அணி இல்லை இது. பிளே-ஆஃபுக்குப் போகுமா என்பது கேப்டனின் பின்தொடையையும் சேர்மனின் மனதையும் பொறுத்தது. அட்டவணையை இப்போதைக்குப் பார்க்காதீர்கள், உங்களுக்கு மேலே இருப்பவர்களில் சிலர் மூன்று ஆட்டம் அதிகம் ஆடியிருக்கிறார்கள். மார்ச் கடைசியில் வீரர்களைப் பதிவு செய்யும் கெடு முடியும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் யார் வருகிறார், யார் போகிறார் என்று பாருங்கள்.

வரும் செவ்வாய் ஹோம் மேட்ச் என்றீர்கள். ஏழு மணிக்கே போய்விடுங்கள். நுழைவாயில் பக்கத்தில் வெள்ளைப் பலகையில் அணியை எழுதிவைப்பார்கள், புரோகிராமில் அச்சான பெயர்களை நம்ப வேண்டாம், அது வியாழனன்றே அச்சுக்குப் போனது. பலகையைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஐந்தாம் எண்ணில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.